காந்தி என்கிற குடும்பப் பேர்: அடிக்கடி கேக்குற கேள்விகள், பதில்கள்

காந்தின்னா என்ன அர்த்தம்?

குஜராத்தி மொழியில காந்தின்னா ஒரு வகைக் கடைக்காரர், அவ்வளவுதான். நம்மூர்ல இதை "மளிகைக்காரர்"னு மொழிபெயர்த்துட்டு போயிடுறாங்க, தப்பு இல்ல, ஆனா முழுசாவும் இல்ல. அரிசி பருப்பு எண்ணெய் விக்கிற கடையை மனசுல வச்சா படம் மாறிடும். சுக்கு, திப்பிலி, கடுக்காய், வசம்பு, அதிமதுரம், ஓமம், குங்கிலியம், சந்தனக்கட்டைன்னு சின்னச் சின்ன டப்பாவுலயும் சாக்குலயும் அடுக்கி வச்சு, பேப்பர்ல பொட்டலம் கட்டித் தர்ற கடை இருக்கு பாருங்க, நாம நாட்டு மருந்துக் கடைன்னு சொல்றது, அதுக்குத்தான் இந்தப் பேர் ரொம்ப பொருந்தும். குஜராத்ல வீட்டு வைத்தியம் சொல்றவங்க இன்னைக்கும் "இது காந்தி கடையில கிடைக்கும்"னு சாதாரணமா சொல்வாங்க, மகாத்மாவை நினைச்சு இல்ல, மூலிகைக் கடையை நினைச்சு. அந்தக் கடைச் சரக்குக்கு மொத்தமா "காந்தியாணு"ன்னு ஒரு சொல்லே இருக்கு.

வேர் பாத்தா சமஸ்கிருத "கந்த", அதாவது வாசனை. அதுல இருந்து "காந்திக", வாசனைப் பொருள் விக்கிறவர். நமக்கும் இது அந்நியமான சொந்தம் இல்ல, சுகந்தம், கந்தகம் ரெண்டும் அதே வேர்ல வந்ததுதான் (கந்தகத்தை மோந்து பாத்தவங்களுக்கு ஏன்னு சொல்ல வேண்டாம்). உங்க தெருவுல சுகந்தின்னு ஒரு அக்கா இருந்தா அவங்க பேரும் இந்தப் பேரும் ஒரே குடும்பம்.

அத்தர் விக்கிறவங்களையும் காந்தின்னு சொல்வாங்களாமே?

ஆமா, வட இந்தியப் பக்கம், முக்கியமா ஹிந்தியில, அந்த அர்த்தம்தான் முன்னாடி நிக்கும். ஒரே வேர், இடத்துக்குத் தகுந்த மாதிரி சரக்கு மாறுது, அங்க அத்தர், குஜராத்ல மசாலாவும் மூலிகையும். பழைய காலத்துல இந்த ரெண்டு தொழிலும் பிரிஞ்சே இருக்கலங்கிறதையும் மறந்துடக்கூடாது, சந்தனம் விக்கிறவர்தான் மருந்தும் விப்பார். பாரசீகத்துலயும் இதே கதை, அங்க "அத்தார்"னா வாசனைப் பொருள் வியாபாரி, மருந்துக்காரர் ரெண்டும், கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தார் பேர்ல இருக்கிற அத்தார் அதுதான். அர்த்தத்தை மட்டும் பாத்தா அவரும் ஒரு காந்தி!

எவ்வளவு பழைய பேர் இது?

குடும்பப் பேரா எப்ப ஒட்டுச்சுங்கிறது வேற விஷயம், தொழில் பேரா ரொம்பப் பழசு. மகாராஷ்டிராவுல லோனாவ்லா பக்கத்துல கார்லா குகை இருக்கு, பௌத்த சைத்தியம், அதாவது வழிபாட்டு மண்டபம், பெரிய தூண்கள் எல்லாம் இருக்கும், டூர் போறவங்க பாத்திருப்பீங்க. அதோட வாசல்ல பிராமி எழுத்துல ஒரு நன்கொடைக் கல்வெட்டு, தேனுகாகட ஊரைச் சேர்ந்த காந்திகர் சிம்மதத்தர் இந்த வாசலைக் கொடுத்தார்னு சொல்லுது. ஏறக்குறைய 1900 வருஷத்துக்கு முந்தின சமாச்சாரம். ராஜா இல்ல, மந்திரி இல்ல, ஒரு வாசனைக் கடைக்காரர் குகைக்கு வாசல் செஞ்சு தர்ற அளவுக்கு வசதியா இருந்திருக்கார், தன் பேரோட தொழிலையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருக்கார். மதுரா பக்கத்துப் பழைய கல்வெட்டுகள்லயும் இதே மாதிரி காந்திகர்கள் வர்றாங்க.

தமிழ்ல காந்தின்னா ஒளின்னுதானே அர்த்தம்? அதுவும் இதுவும் ஒன்னா?

இல்ல, ரெண்டும் வேற. தமிழ் அகராதியில இருக்கிற காந்தி சமஸ்கிருத "காந்தி"ல இருந்து வந்தது, முதல் எழுத்து காகம், காடுல வர்ற க, நடுவுல வர்றது வல்லின த. ஒளி, பொலிவுன்னு அர்த்தம். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் அம்மன் காந்திமதி, அந்தக் காந்திதான். குஜராத்தி குடும்பப் பேர்ல முதல் எழுத்து கணேசன்ல வர்ற க, கடைசி எழுத்துல ஹ-ங்கிற காத்து சேர்ந்து வரும்.

சிக்கல் என்னன்னா நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே க, ஒரே த. போதாக்குறைக்கு ந் பக்கத்துல வந்தா த தானா மெலிஞ்சுடும், பந்து, சந்துன்னு சொல்லிப் பாருங்க. அதனால கடைசி எழுத்துல நமக்கு ரெண்டும் ஒரே சத்தம்தான், வித்தியாசம் முதல் எழுத்துல மட்டும் மிச்சம். அதுவும் இப்ப கரைஞ்சு போச்சு, காந்திமதிங்கிற பேரை இங்கிலீஷ்ல எழுதும்போது கே போடாம ஜி போட்டு எழுதுறவங்கதான் நிறைய, மகாத்மா பேரைப் பாத்துப் பாத்து வந்த பழக்கம். நெல்லையில பெரியவங்க வாயில அம்மன் பேர் இன்னும் காகம் கா-வோடதான் வரும்.

சரியான உச்சரிப்பு எது?

குஜராத்தியில ரெண்டு அசை, "காந்" நெடிலா, கொஞ்சம் மூக்கோட, அப்புறம் "தீ". அந்தத் தீ-ல ரெண்டு விஷயம், ஒன்னு அது நெடில், நாம குறிலா சுருக்கிடுறோம். ரெண்டாவது அந்த த சத்தத்தோட ஒரு ஹ காத்து வெளிய வரணும். கையை வாய்க்கு முன்னாடி வச்சுச் சொன்னா காத்து படணும், அதான் டெஸ்ட்.

தமிழ்ல பேசும்போது இதெல்லாம் பண்ண வேண்டிய அவசியம் இல்ல, காந்தின்னு நம்ம பாணியில சொன்னா போதும், எந்த மொழியும் வெளிப் பேரைத் தன் வாய்க்குத் தகுந்த மாதிரிதான் மாத்திக்கும். ஆனா ஹிந்தி பேசும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. முதல் எழுத்தைக் குறிலாக்கி, காத்தையும் விட்டுட்டா அது "கந்தீ" ஆயிடும், ஹிந்தியில அதுக்கு அழுக்கானன்னு அர்த்தம். டெல்லியில வேலைக்குப் போன நம்ம ஆளுங்க இதுல சிரிப்பு வாங்கிக் கட்டிக்கிறது உண்டு. வெள்ளைக்காரங்க சொல்ற "காண்டி" தனி ரகம், அவங்களுக்குப் பல்லுல நாக்கு வைக்கிற த வராது, என்ன பண்றது.

இங்கிலீஷ்ல எச் எங்க வரணும்?

டி-க்கு அப்புறம். ஜி-க்குப் பக்கத்துல எச் போடுறது உலகம் பூரா நடக்கிற எழுத்துப்பிழை, வெளிநாட்டுப் பேப்பர்ல, போஸ்டர்ல, டிஷர்ட்ல எல்லாம் பாக்கலாம். எச்-ங்கிறது நான் மேல சொன்ன காத்துக்கான அடையாளம், காத்து கடைசி எழுத்துல வருது, முதல் எழுத்துல இல்ல, இதை ஞாபகம் வச்சா குழப்பமே வராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பார்சிக்காரங்கள்ல (பாரசீகத்துல இருந்து குஜராத்துக்கு வந்த ஜொராஸ்ட்ரிய சமயத்தவங்க) சில குடும்பங்கள் ஜி-க்கு அப்புறமே எச் போட்டு, கடைசியில ஐ-க்குப் பதிலா ஒய் வச்சு எழுதுவாங்க. அது பிழை இல்ல, அவங்க குடும்ப வழக்கம்.

காந்தின்னா ஒரு சாதிப் பேரா?

இல்ல, தொழில் பேர். கடை யார் வேணா வைக்கலாம் இல்லையா, அதனால பேரும் பல பேர்கிட்ட இருக்கு. மோகன்தாஸ் காந்தி குடும்பம் மோத் பனியாங்கிற வியாபாரச் சாதி, வைணவ வழி. குஜராத்தி ஜைனர்கள்ல காந்தி உண்டு. பஞ்சாப்ல கத்ரி, அரோரா சாதிகள்ல காந்தி உண்டு, அதுல சீக்கியர்களும் இருக்காங்க. பார்சிகள்லயும் உண்டு. அதனால ஒருத்தர் பேருக்குப் பின்னாடி காந்தின்னு இருந்தா, அவங்க முன்னோர்ல யாரோ ஒருத்தர் வாசனைச் சரக்கோ மருந்துச் சரக்கோ வித்திருக்கலாம்னு மட்டும்தான் சொல்ல முடியும். மதம், சாதி, ஊர் எதுவும் அந்தப் பேர்ல எழுதி ஒட்டியிருக்கல. இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறிட்டா வாட்ஸ்அப்ல வர்ற பாதி காந்தி ஃபார்வர்டுகளை டெலீட் பண்ணிடலாம்.

மகாத்மா குடும்பம் நிஜமாவே கடை வச்சிருந்தாங்களா?

அவரே சொல்லியிருக்கார். 1925ல இருந்து நவஜீவன் பத்திரிகையில தொடரா எழுதின சத்திய சோதனை, குடும்பத்தைப் பத்தின முதல் அத்தியாயத்துலயே, காந்தி குடும்பம் முதல்ல பலசரக்கு வியாபாரம் செஞ்சவங்களா இருந்திருக்கணும்னு வருது. குஜராத்தி மூலத்துல அந்த இடத்துல அவர் போட்ட சொல் மேல சொன்ன அதே காந்தியாணு.

ஆனா அவருக்கு நெருங்கின தலைமுறைகள் கடைக்காரங்க இல்ல, சமஸ்தான உத்தியோகம். பூர்வீகம் ஜூனாகட் சமஸ்தானத்து குதியாணா கிராமம், அப்புறம் போர்பந்தர். 1777ல கொள்ளுத்தாத்தா ஹர்ஜீவன் காந்தி போர்பந்தர்ல ஒரு வீடு வாங்கினார், மோகன்தாஸ் 1869ல பொறந்தது அந்த வீட்டுலதான். தாத்தா உத்தம்சந்த் காந்தி, ஓதா காந்தின்னு கூப்பிடுவாங்க, போர்பந்தர் திவான். அரண்மனைச் சண்டையில ஊரை விட்டு ஜூனாகட் போய், அங்க நவாபுக்கு இடது கையால சலாம் வச்சாராம். என்னய்யா இது மரியாதைன்னு கேட்டதுக்கு, வலது கை ஏற்கெனவே போர்பந்தருக்குக் கொடுத்தாச்சுன்னு பதில். பேரன் எழுதி வச்ச கதை இது, பேரனோட பிடிவாதம் எங்க இருந்து வந்ததுன்னு தெரியுது. அப்பா கரம்சந்த் காந்தியும் திவான்தான், போர்பந்தர்ல, அப்புறம் ராஜ்கோட்ல. தொழில் போயும் பேர் மட்டும் போகல, குடும்பப் பேர்னாலே அப்படித்தான்.

மோ.க. காந்தியில மோ, க எதுக்கு? காந்திங்கிறது அவரோட பேர் இல்லையா?

நம்மூர் இனிஷியல் பழக்கத்துல பாத்தா, முன்னாடி நிக்கிற எழுத்து அப்பா பேர், கடைசியில முழுசா வர்றது சொந்தப் பேர். மு. கருணாநிதின்னா முத்துவேல் அப்பா, கருணாநிதி மகன். அதே கண்ணோட எம்.கே. காந்தின்னு படிச்சா அவர் பேரே காந்தின்னு தோணும், நம்மள்ல நிறைய பேர் சின்ன வயசுல அப்படித்தான் நினைச்சிருப்போம்.

குஜராத்ல வரிசை வேற, சொந்தப் பேர், அப்பா பேர், குடும்பப் பேர். மோகன்தாஸ் அவர், கரம்சந்த் அப்பா, காந்தி குடும்பம். கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு நடு இடத்துல அப்பா போய் புருஷன் பேர் வரும். கஸ்தூர்பா பொறந்த வீட்டுக் குடும்பப் பேர் கபாடியா, அதுவும் தொழில் பேர்தான், கபட்னா துணி, கபாடியா துணி வியாபாரி. துணிக்கடை வீட்டுப் பொண்ணு மளிகைக் கடை வீட்டுக்கு வந்தாங்கன்னு பேரை வச்சு வேணா கதை சொல்லலாம்.

குஜராத்ல இப்படித் தொழில் பேர் கொட்டிக் கிடக்கு. ஜவேரின்னா நகைக்காரர், சோனி தட்டார், பாரிக் நாணயம் பரிசோதிக்கிறவர், மேத்தா கணக்கர். பார்சிங்க இதை உச்சத்துக்குக் கொண்டு போயிட்டாங்க, இன்ஜினியர், கான்ட்ராக்டர், தாருவாலா (சாராயக்காரர்), பாட்லிவாலா (பாட்டில்காரர்)ன்னு. குடும்பப் பேர் நிலைச்சு நிக்காத இடங்களும் உண்டு, போர்பந்தர் இருக்கிற அதே கத்தியவார் மண்ணுல வேர் வச்ச ஜின்னா குடும்பத்தைப் பாருங்க, அவங்க அப்பா பேர் ஜின்னாபாய் பூஞ்சா, மகன் லண்டன் போய் அப்பா பேரைச் சுருக்கித் தனக்குக் கடைசிப் பேரா வச்சுக்கிட்டார். அது கிட்டத்தட்ட நம்ம ஊர் வழக்கம்.

இந்திரா காந்தி மகாத்மாவுக்கு என்ன உறவு?

எந்த உறவும் இல்ல. இந்தக் கேள்விக்கு இதைவிடச் சின்ன பதில் கிடையாது, ஆனாலும் தினம் யாராவது கேக்குறாங்க.

இந்திரா பொறந்தது நேரு குடும்பத்துல. (நேருங்கிறதும் இடையில வந்த பேர்தான், அவங்க காஷ்மீர் பண்டிதர்கள், கௌல். முன்னோர் டெல்லியில ஒரு கால்வாய்க் கரையில வீடு கிடைச்சு இருந்தாங்க, கால்வாய்க்கு நஹர்னு பேர், அதுல இருந்து நேரு.) 1942 மார்ச்ல அலகாபாத்ல ஃபெரோஸ் காந்தியைக் கல்யாணம் பண்ணினதுல இந்திரா நேரு இந்திரா காந்தி ஆனாங்க. ராஜீவ், சஞ்சய், அப்புறம் வந்த மருமகள்கள், பேரப்பிள்ளைங்க எல்லாருக்கும் பேர் வந்தது ஃபெரோஸ் வழியா மட்டும்தான்.

ஃபெரோஸ் முஸ்லிம்னும், மகாத்மா தத்தெடுத்துப் பேர் கொடுத்தார்னும் சொல்றாங்களே?

ரெண்டும் பொய். ஃபெரோஸ் 1912ல பம்பாய்ல பொறந்த பார்சி, அப்பா ஜஹாங்கீர், அம்மா ரத்திமாய், குஜராத் பரூச் பக்கத்துப் பூர்வீகம். ஃபெரோஸ், ஜஹாங்கீர் எல்லாம் பாரசீகப் பேர், பார்சிங்க வைக்கிறதும் அதுதான், முஸ்லிம்கள் வைக்கிறதும் உண்டு, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இந்த வதந்தி ஓடுது. காந்திங்கிறது அவருக்குப் பொறப்புலயே இருந்த குடும்பப் பேர். முன்னாடி சொன்னேன் பாருங்க, பார்சிங்களோட ஜி எச் ஸ்பெல்லிங், அதைத்தான் அவர் சுதந்திரப் போராட்டத்துக்குள்ள வந்த பிறகு மகாத்மா எழுதுற மாதிரி மாத்திக்கிட்டார்னு அவரைப் பத்தி எழுதினவங்க சொல்றாங்க. மாறினது இங்கிலீஷ் ஸ்பெல்லிங், பேர் இல்ல.

தத்தெடுப்புக் கதை நிக்காதுங்கிறதுக்கு அந்தக் காலத்து நடப்பே போதும். கல்யாணப் பேச்சு வெளிய வந்ததும் மகாத்மாவுக்கே கோவமா லெட்டர்கள் குவிஞ்சுது, ஒரு ஹிந்துப் பொண்ணு பார்சியைக் கட்டிக்கிறதான்னு. அவர் அதுக்கு ஹரிஜன் பத்திரிகையில பதில் எழுதி, கல்யாணத்துக்கு ஆதரவா நின்னார். திட்டினவங்களும் பார்சின்னுதான் திட்டினாங்க, பதில் சொன்னவரும் பார்சின்னுதான் சொன்னார். என் மகன்னு யாரும் எங்கயும் சொல்லல. ஃபெரோஸ் 1960ல செத்தப்ப ஹிந்து முறையில தகனம் நடந்தது, அஸ்தியில ஒரு பங்கு அலகாபாத் பார்சி கல்லறைத் தோட்டத்துல இருக்கு.

இந்த மனுஷனைப் பேருக்காக மட்டும் ஞாபகம் வச்சுக்கிறது எனக்கு எப்பவும் உறுத்தும். ரேபரேலி எம்.பி.யா இருந்துக்கிட்டே, மாமனார் பிரதமரா இருக்கும்போதே, எல்.ஐ.சி. பணத்துல முந்த்ரா கம்பெனி ஷேர்களைச் சுமார் ஒன்னேகால் கோடிக்கு வாங்கினதை 1957 டிசம்பர்ல பார்லிமென்ட்ல கிழிச்சு எடுத்தார். அதை விசாரிக்க சாக்ளா கமிஷன் உக்காந்து, 1958ல நிதி மந்திரி ராஜினாமா பண்ண வேண்டியதாச்சு. அந்த நிதி மந்திரி நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

அப்ப மகாத்மாவோட நிஜ வாரிசுகள் யாரு? அவங்களும் காந்தின்னுதான் எழுதுறாங்களா?

நாலு பையன்கள், ஹரிலால், மணிலால், ராம்தாஸ், தேவதாஸ். பசங்க வழி வந்தவங்க எல்லாம் காந்திதான். மணிலால் தென் ஆப்பிரிக்காவுல ஃபீனிக்ஸ் ஆசிரமத்தைப் பாத்துக்கிட்டு அங்கேயே இருந்துட்டார், அவர் மகள் ஏலா காந்தி நிறவெறிக்கு எதிரா போராடி, 1994க்கு அப்புறம் அங்க எம்.பி.யா இருந்தாங்க.

நமக்குச் சொந்தமான கிளை தேவதாஸ். அவர் ராஜாஜி மகள் லட்சுமியை விரும்பினார், ஒருத்தர் குஜராத்தி பனியா, இன்னொருத்தர் தமிழ் ஐயங்கார். ரெண்டு அப்பாவும் ஊருக்கெல்லாம் சீர்திருத்தம் சொல்றவங்க, உடனே சரின்னு சொல்லல, அஞ்சு வருஷம் பிரிஞ்சு இருங்க, அப்பவும் மனசு மாறலன்னா பாப்போம்னாங்க. மாறல. 1933ல பூனாவுல கல்யாணம். இவங்க பசங்கதான் ராஜ்மோகன் காந்தியும், 2004ல இருந்து 2009 வரைக்கும் மேற்கு வங்க கவர்னரா இருந்த கோபாலகிருஷ்ண காந்தியும். அப்பா வழித் தாத்தா மகாத்மா, அம்மா வழித் தாத்தா தொரப்பள்ளி ராஜகோபாலாச்சாரி. தமிழ்நாட்டுக்கு ரத்த உறவுள்ள காந்தி யாருன்னு கேட்டா இவங்களைத்தான் கை காட்டணும், இந்தப் பதில் எனக்குத் தெரிஞ்ச வரை பத்துல எட்டு பேருக்கு ஆச்சரியமா இருக்கு.

மகாத்மாவுக்கு முன்னாடி வேற பிரபல காந்தி இருந்திருக்காங்களா?

வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. 1864ல குஜராத் மஹுவாவுல பொறந்த ஜைனர். விவேகானந்தர் பேசின அதே 1893 சிகாகோ சர்வமத மாநாட்டுல ஜைன சமயத்துக்காகப் போய்ப் பேசினவர் இவர். 1901ல, 40 கூட ஆகாம இறந்துட்டார். அமெரிக்காவுல அந்த வருஷங்கள்ல யாராவது "மிஸ்டர் காந்தி"ன்னு சொல்லியிருந்தா அது இவராத்தான் இருக்கும், மோகன்தாஸ் அப்ப தென் ஆப்பிரிக்காவுல பேர் தெரியாத ஒரு இளம் வக்கீல்.

மோடிங்கிற பேருக்கும் மளிகைக்காரர்னுதான் அர்த்தமாமே?

ஆமா. மோடின்னா தானியம், பலசரக்கு வச்சு விக்கிறவர். தானியக் கிடங்குக்கு வட இந்தியாவுல மோதிகானான்னு பேர், சுல்தான்பூர் லோதியில குரு நானக் வேலை பாத்தது அப்படி ஒரு மோதிகானாவுலதான். அங்கயும் நிலைமை இதேதான், பல சமூகத்துல மோடி உண்டு, ஒரே கூட்டம் கிடையாது. 2019ல கர்நாடகா கோலார் தேர்தல் மேடையில ராகுல் காந்தி இந்தப் பேரை வச்சுப் பேசின பேச்சுக்கு 2023 மார்ச்ல சூரத் கோர்ட் 2 வருஷம் தண்டனை கொடுத்து, எம்.பி. பதவி போய், ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வச்சு, பதவி திரும்ப வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அரசியலை விட்டுட்டுப் பேரை மட்டும் பாத்தா, ஒரு மளிகைக்காரப் பேர் இன்னொரு மளிகைக்காரப் பேர் மேல நடந்த வழக்கு அது.

தமிழ்நாட்டுல காந்தின்னு பேர் வச்சிருக்கவங்க எல்லாம் யாரு?

நம்ம ஆளுங்கதான். இங்க அது குடும்பப் பேரே இல்ல, அபிமானத்துல வச்ச சொந்தப் பேர். காந்தி, காந்திராஜன், மோகன்தாஸ், அப்புறம் கட்சிக்காரங்க வீட்டுல இந்திராகாந்தி, ராஜீவ்காந்தி, சஞ்சய்காந்தின்னு முழுப் பேரையும் ஒட்டி ஒரே பேரா வச்சு, முன்னாடி அப்பா இனிஷியல் போட்டுடுவாங்க. எஸ். ராஜீவ்காந்தின்னா அவர் அப்பா சுப்பிரமணியாவோ செல்வராஜாவோ இருப்பார். வட இந்தியாவுல இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க, ஒருத்தர் குடும்பப் பேரையும் சேர்த்து எப்படி இன்னொருத்தர் குழந்தைக்கு வைப்பீங்கன்னு கேப்பாங்க. நமக்குக் குடும்பப் பேர்ங்கிற சமாச்சாரமே இல்லாததால அது ஒட்டுப்போட்ட பேரா தெரியல, அவ்வளவுதான்.

பாஸ்போர்ட்ல இது பிரச்சனை ஆகுமா?

ஆகும், தமாஷாவும் ஆகும். பாஸ்போர்ட் ஃபார்ம்ல சர்நேம்னு ஒரு கட்டம், நம்ம ஆளுங்க நிறைய பேர் அதுல அப்பா பேரைப் போடுறாங்க. உதாரணத்துக்கு ராஜீவ்காந்திங்கிறவரோட அப்பா பேர் செல்வராஜ்னு வச்சுக்கோங்க, வெளிநாட்டுல அவரை மிஸ்டர் செல்வராஜ்னு கூப்பிடுவாங்க, அவர் அப்பாவைத் தேடித் திரும்பிப் பாப்பார். அதே ராஜீவ்காந்தி தன் மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது சர்நேம் கட்டத்துல தன் பேரைப் போட்டா, அந்தப் பொண்ணு மிஸ் ராஜீவ்காந்தி. அப்பா பேர் வெறும் காந்தியா இருந்தா இன்னும் விசேஷம், பிள்ளைங்க அத்தனை பேரும் வெளிநாட்டு ரெக்கார்டுல அசல் காந்தி குடும்பம் ஆயிடுவாங்க. போர்பந்தர் உறவான்னு ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கிறது நல்லது. எந்தப் பேர் போட்டாலும் சர்டிபிகேட், பாஸ்போர்ட், பான் கார்டு எல்லாத்துலயும் ஒரே வரிசை, ஒரே ஸ்பெல்லிங், எச் உட்பட, இருக்கட்டும்.

எல்லை காந்தி, கறுப்பு காந்தின்னு சொல்றது எந்த வகை?

அது பட்டம். எல்லை காந்தி, கான் அப்துல் கஃபார் கான், வடமேற்கு எல்லைப்புற பஷ்தூன் தலைவர், 1987ல பாரத ரத்னா வாங்கினவர். கறுப்பு காந்தி நம்ம காமராஜர், அவர் செத்ததும் 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்னைக்கே. இலங்கையில தந்தை செல்வாவை ஈழத்துக் காந்தின்னு சொல்றதுண்டு. கடைக்காரர்னு அர்த்தமுள்ள ஒரு பேர், அகிம்சைக்காரர்னு ஒரு புது அர்த்தத்தை வாங்கிக்கிட்டு நாடு நாடா போயிருக்கு, மார்ட்டின் லூதர் கிங்கை அமெரிக்க காந்தின்னு சொல்ற வரைக்கும்.

காந்தி கணக்கு, காந்தி நோட்டு?

காந்தி கணக்குன்னா வராத கடன். "டீக்கு யாரு காசு?" "காந்தி கணக்குல எழுதிக்கோ", முடிஞ்சுது, அந்தக் காசு இனிமே வராது. கடைக்காரர்னு அர்த்தமுள்ள பேர் கடைக்காரரை ஏமாத்துற சொலவடையில வந்து உக்காந்திருக்கு பாருங்க.

காந்தி நோட்டு பின்னாடி வந்தது. 1969ல நூற்றாண்டுக்குன்னு ஸ்பெஷலா ஒரு தடவை அவர் படம் போட்டு அடிச்சாங்க, 1987ல 500 ரூபாய் நோட்டுல வந்தார், 1996ல வந்த மகாத்மா காந்தி வரிசையில இருந்து ரிசர்வ் பேங்க் அடிக்கிற எல்லா நோட்டுலயும் அவர்தான். அதுக்கு அப்புறம்தான் "ஃபைல் நகரணும்னா காந்தி சிரிக்கணும்"ங்கிற பேச்செல்லாம். லஞ்சத்துக்கு அவர் பேரா, கொடுமைதான், ஆனா ஜனங்க வாயை யார் கட்ட முடியும்.

காந்தாரி, காந்தாரம் எல்லாம் இந்தப் பேரோட சேருமா?

சேரும்னு உறுதியா சொல்ல முடியாது. காந்தாரம் ஒரு நாடு, பெஷாவர் பக்கம், அந்த நாட்டு இளவரசி காந்தாரி. ஆனா நெல்லுல பால் பிடிக்கிறப்ப வந்து சாறு உறிஞ்சுற கதிர் நாவாய்ப் பூச்சி இருக்கே, வயலுக்குள்ள இறங்கினாலே நாறும், அதுக்கு வடக்க "காந்தி பூச்சி"ன்னு பேர். அது அதே வாசனை வேர்ல வந்தது, ஆனா நாத்தக் கணக்குல.

காந்தி, காந்திஜி, காந்தியார், காந்தியடிகள், எப்படி எழுதுறது?

எல்லாமே வழக்குல இருக்கு, எழுதுறவர் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கலாம். ஜி வடக்கத்தி மரியாதை, காங்கிரஸ் வீடுகள்ல அதிகம். காந்தியடிகள் திரு.வி.க. எழுதின பாணி, 1921லயே அவர் புத்தகத் தலைப்புல போட்டுட்டார், பாடப் புத்தகம் அதைப் பிடிச்சுக்கிச்சு. காந்தியார்னு திராவிட இயக்கத்துக்காரங்க நிறைய எழுதுவாங்க, மரியாதையும் இருக்கும், ஒரு கை தூரமும் இருக்கும். தென் ஆப்பிரிக்காவுல அவரை எல்லாரும் கூப்பிட்டது காந்தி பாய், பாய்னா அண்ணன். சின்னப் பிள்ளைங்களுக்குக் காந்தி தாத்தா. கட்டுரை, செய்தி எழுதுறவங்க வெறும் காந்தின்னு போட்டு "சொன்னார்", "போனார்"னு வினையில ஆர் விகுதி வச்சா போதும், தமிழ்ல மரியாதை அங்கேயே வந்துடும். ஒரே கட்டுரையில இந்திரா, ராகுல் எல்லாம் வந்தா மட்டும் முதல் பேரைச் சேர்த்து எழுதுங்க, இல்லன்னா கமென்ட்ல யாராவது ஒருத்தர் மறுபடியும் அவங்க மகாத்மாவுக்கு என்ன உறவுன்னு கேப்பார்.